நினைவில் மட்டும் ஓடிய பெட்டி

எழும்ப மறுக்கும் ரவுட்டர்களுக்கு நஸீம் நாநாவின் கடையில் தனித்தனிப் பெயர் உண்டு. விளக்கே எரியாவிட்டால் அது மவ்த்து, அதாவது சாவு. விளக்கு எரிந்தும் உள்ளே எதுவும் நடக்காவிட்டால் கோமா. எழும்பப் பார்த்து, பாதியில் விழுந்து, திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தால் அதற்கு வலிப்பு என்று யசோதா பெயர் வைத்திருந்தாள். முதலிரண்டும் நாநாவின் கண்டுபிடிப்பு. மூன்றாவதுக்கு டொக்டர் யசோதாதான் என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பார்.

கண்டி யட்டிநுவர வீதியில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. ஜன்னலைத் திறந்தால் பஸ் புகை, மூடினால் ஈயம் உருகும் நெடி. கம்பனி போட்டு அனுப்பும் மென்பொருளை ரவுட்டரிலிருந்து அகற்றிவிட்டு, யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்குத் திறந்துவிடப்பட்ட மென்பொருளை ஏற்றுவது அங்கே யசோதாவின் வேலை. சின்ன ஹோட்டல்கள், டியூஷன் வகுப்புகள், பள்ளிவாசல்கள் என்று தேடி வருபவர்கள் இருந்தார்கள். ஏற்றியபின் மலிவான பெட்டியும் பெரிய பெட்டியின் வேலையைச் செய்யும். ஏற்றும்போது பிசகினால் எழும்பவே எழும்பாது.

அவள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டர்களைப் பார்த்தவர். மோட்டரின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்வாராம். மகளுக்கு அந்தக் காது வாய்க்கவில்லை. அவளுக்கு வாய்த்தது சந்தேகம். உயர்தரம் முடித்து, போட்டோப் பிரதி எடுக்கும் கடையொன்றில் நின்று, பிறகு நாநாவிடம் வந்து சேர்ந்தாள். மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்த சுதேஷைக் கட்டிக்கொண்டு குண்டசாலையில் வாடகை வீட்டில் குடியேறினாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தவள் பாதி வழியில் திரும்பி வந்து கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். அடுப்பைக் காவல் காக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்போமா என்று சுதேஷ் கேட்பான். அவளுக்குக் கோபம் வராது. உலகம் எப்போதும் எங்கேயோ ஒரு மூலையில் அணைந்துகொண்டிருக்கிறது என்பதில் அவளுக்கு ஐயமே இருந்ததில்லை.

வேலையிலும் அப்படித்தான். மென்பொருளை ஏற்றி முடித்ததும் வாடிக்கையாளர் கண்முன்னே வயரை இழுத்துவிடுவாள். சற்றுப் பொறுத்து மறுபடி போடுவாள். பெட்டி தானாக எழும்பினால்தான் கையில் கொடுப்பாள்.

அந்தச் சோதனையை அவள் ஒரேயொரு தரம் செய்யாமல் விட்டாள்.

மேல் லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவு நல்ல சரிவல்ல என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மழை தொடர்ந்து பெய்தால் லயத்தில் யாரும் படுக்கமாட்டார்கள். மண் சரியும் சத்தத்துக்காகச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யசோதாவும் சிறுவயதில் அப்படி உட்கார்ந்திருக்கிறாள். பிறகு தோட்டத்து இளைஞர்களும் கோயில் கமிட்டியும் நஸீம் நாநா தொழும் பள்ளிவாசலின் ஜமாஅத்தும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். சரிவில் இரும்பு முளைகள் அடித்து, முளைக்கு முளை கம்பி இழுத்தார்கள். மண் நகர்ந்தால் கம்பி இழுபடும். எவ்வளவு இழுபட்டது என்பதை மலை முகட்டில் கம்பத்தில் கட்டிய ரவுட்டர் கீழே கோயில் கூரைக்கு அனுப்பும். அளவு மீறினால் அங்கே அபாயச் சங்கு ஊதும். முகட்டுப் பெட்டிக்கு சோலார் தட்டும் பெட்டரியும். இவ்வளவையும் இணைத்தவள் யசோதா.

சங்கு வந்தபின் லயத்தில் ஒரு பழக்கம் மாறியது. மழையில் ஜனங்கள் தூங்கத் தொடங்கினார்கள். சங்கு ஊதாதவரை மலை சும்மா இருக்கிறது என்று பொருள். ஒரு தரம் காட்டுப்பன்றி கம்பியில் சிக்கிச் சங்கு ஊதி, எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார்கள். யசோதாவின் அண்ணி இராஜேஸ்வரி, கொழுந்து பறிப்பவள், வாய் நீளம், அதற்குப் 'பன்னிச் சங்கு' என்று பெயர் வைத்தாள். கம்பியைச் சுற்றி வேலி போட்டபின் மறுபடி நம்பிக்கை வந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

தைப்பொங்கல் கழிந்த வாரம் முகட்டுப் பெட்டி மின்னலில் கருகிப்போனது. யசோதா புதிய சரக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, கையில் லெப்டொப்போடு மலை ஏறினாள். கோயில் தலைவர் பெரியதம்பியும் ஏழெட்டுப் பேரும் கூடவே வந்தார்கள்.

இந்தப் பெட்டிகளில் மென்பொருளை ஏற்றுவது இரண்டு கட்ட வேலை. முதலில் வயர் வழியாக அதைப் பெட்டியின் தற்காலிக நினைவில் ஏற்றி ஓடவிட வேண்டும். பிறகு நிரந்தரச் சேமிப்பில் எழுதி, அணைத்து எழுப்ப வேண்டும். முதல் கட்டத்தோடு நிறுத்தினாலும் பெட்டி குறையில்லாமல் ஓடும், மின்சாரம் இருக்கும்வரை.

முதல் கட்டம் முடிந்து பச்சை விளக்கு எரிந்ததும், யாரும் சொல்லாமலே ஒருவர் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். பூசணிக்காய் உடைந்தது. பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். இதை நிரந்தரமாக எழுதி ஒருமுறை அணைத்துப் பார்க்க வேண்டும் என்று யசோதா சொன்னபோது பெரியதம்பியின் முகம் மாறியது.

"பூச போட்டு ஏத்துன வெளக்கம்மா. ஏத்துன கையோட அணைக்கிறதா? இன்னைக்கு வேணாம்."

அவளும் அந்த லயத்தில் வளர்ந்தவள்தான். அணைக்க அவளுக்கும் கை வரவில்லை. கோமாவோ வலிப்போ வந்துவிட்டால் பூசை போட்ட இடத்தில் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டிவருமே என்ற பயம் வேறு. கடையிலிருந்தே ஒரு நாள் நிரந்தரச் சேமிப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று இறங்கினாள். பெட்டி நாள்தோறும் ஒழுங்காக ஓடியது. ஓடுகிற பெட்டியை யார் தொடுவார்கள்? இடையில் வந்த மழைகளில் எப்படியும் கொஞ்ச வெயில் எட்டிப் பார்த்தது, பெட்டரி வற்றவேயில்லை. மெல்ல மெல்ல அவளுக்கு அது மறந்தே போனது.

கார்த்திகையில் பிடித்த மழை விடவில்லை. கண்டி வாவி கலங்கிப் பழுப்பாகக் கிடந்தது. மாதக்கணக்கில் கடையில் பிரிக்காமல் கிடந்த சரக்கொன்றை அன்று எடுத்தபோது, ரவுட்டர்கள் ஒன்றின்பின் ஒன்றாகக் கோமாவில் விழுந்தன. வயர் வழியாக ஏற்றினால் ஓடின. நிரந்தரமாக எழுதி அணைத்துப் போட்டால் எழும்பவில்லை. யசோதா ஒன்றின் மூடியைக் கழற்றி, போர்டில் சீரியல் வயரைத் தொடுத்து, அது எழும்பும்போது என்ன முணுமுணுக்கிறது என்று திரையில் வாசித்தாள். மதியச் சோறு பொதியில் ஆறிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் முன்னால் கண்விழிக்கும் சின்ன நிரல் ஒன்று உண்டு. பூட்லோடர் என்பார்கள். அதுதான் மற்றதைத் தட்டி எழுப்புவது. இந்தச் சரக்கில் அது புதிய பதிப்பு. கம்பனியின் மென்பொருளை அது எழுப்பியது. திறந்த மென்பொருளைக் கண்டதும் அடையாளம் தெரியாமல் நின்றுவிட்டது. கம்பனி மென்பொருளைத் திரும்பப் போட்டு, பூட்லோடரைப் பழைய பதிப்புக்கு இறக்கி, அதன்பின் ஏற்றினால் சரி. அவள் ஒன்றை அப்படிச் செய்து, வயரை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். எழும்பியது. நாநாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நாநா பார்த்தார், சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது.

"தங்கச்சி, மல மேல ஈக்கிறதும் இந்தச் சரக்குதானே?"

அவள் கம்பியூட்டர்ப் பக்கம் திரும்பி, கோயில் கூரையிலுள்ள பெட்டி வழியாக முகட்டுப் பெட்டிக்குள் நுழைந்தாள். பெட்டி பதில் சொன்னது. நலமாக இருந்தது. மாதக்கணக்கில் ஒருமுறைகூட அணையாமல் ஓடியிருந்தது. நிரந்தரச் சேமிப்பில் ஒரு எழுத்தும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவள் அதற்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையும், முளைகளின் பெயர், கோயிலுக்குப் போகும் வழி, சங்கு ஊதவேண்டிய அளவு, எல்லாமே நினைவில் மட்டும் இருந்தன. பெட்டரி அளவைப் பார்த்தாள். வெயில் காணாத பெட்டரி அடிமட்டத்துக்கு வந்திருந்தது.

கம்பிகளின் அளவு மாறாமல் இருந்தது. அதை மட்டும் இரண்டு தரம் பார்த்தாள்.

இப்போது நிரந்தரமாக எழுதினால், அணைந்து எழும்பும் கணத்தில் அந்தப் புதிய பூட்லோடர் அதைக் கோமாவில் தள்ளிவிடும். எழுதாமல் விட்டால் பெட்டரி வற்றும்போது அணையும். பிறகு வெயில் பட்டால், கம்பனி அனுப்பிய நாளில் இருந்ததுபோல, கோயிலையும் சங்கையும் அறியாத பெட்டியாக எழும்பும். இரண்டில் எது நடந்தாலும் கீழே சங்கு ஊதாது. ஊதாத சங்கைக் கேட்டுக்கொண்டு லயம் நிம்மதியாகத் தூங்கும்.

அலைவலிமையைக் குறைத்தாள். தேவையில்லாததை எல்லாம் நிறுத்தினாள். பெட்டரி இறங்கும் வேகம் கொஞ்சம் தணிந்தது, நிற்கவில்லை. திருத்திய பெட்டியோடு உடனே போகலாம் என்று த்ரீவீல் சாரதியைக் கேட்டால், ஹந்தானைப் பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, நாளைக் காலையில்தான் வெட்டுவார்கள் என்றான். மழை ஜன்னலை அறைந்தது. அவள் இன்னொரு தந்திரம் தேடித் திரையை உருட்டினாள். நாநா அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"வயர்ல ஒண்ணும் செய்யேலா. வாயால சொல்லுங்க. இப்பவே."

என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப்பின் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது. பன்றிக்குப் பிறகு மிச்சப்பட்ட நம்பிக்கையும் போகும். அடுத்த தரம் சங்கு உண்மையாகவே ஊதினால் யார் எழுந்து வருவார்கள்? திரையில் பெட்டரியின் கோடு சிவப்பாகியது. அவள் பெரியதம்பிக்குப் போன் எடுத்தாள்.

அவர் முதலில் நம்பவில்லை. சங்குப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதே என்றார். அந்த விளக்கு கோயில் கரண்டுக்கு எரிகிறது, மலைக்காக எரியவில்லை என்று அவள் விளக்கினாள்.

"சங்க நம்பாதீங்கன்னு நானே போயி சொல்லணும்கிறீங்க."

"ஆமா தலைவரே. பிழ ஏம்பேர்லன்னே சொல்லுங்க. இன்னைக்கு யாரும் மேல் லயத்துல படுக்க வேணாம்."

அன்று பூசையில் அணைக்கவேண்டாம் என்று சொன்னது அவருக்கு நினைவிருந்ததா, தெரியாது. அவர் அதைப் பேசவில்லை, அவளும் எடுக்கவில்லை. காலையில் புதிய பெட்டியைப் போட்டதும் சோதனைக்கு ஒருமுறை சங்கை ஊதவிடுவேன், அதற்குப் பயப்படவேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தாள். அதைச் சொன்னபோது அவளுக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் இருந்தது.

மாலைக்குள் மேல் லயத்து ஆட்கள் கீழே பாடசாலைக் கட்டடத்துக்கு இறங்கினார்கள், முணுமுணுத்துக்கொண்டே. கடையைப் பூட்டும் நேரத்தில் யசோதாவின் திரையில் முகட்டுப் பெட்டி காணாமல் போனது. அது கடைசியாக அனுப்பிய கம்பி அளவை அவள் மனதில் பதித்துக்கொண்டாள்.

காலையில் வெயில் அடித்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை; வெயிலை நம்பி ஆட்கள் லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கழுவித் துடைத்ததுபோல் வானம் இருக்க, பாதையோர வடிகானெல்லாம் செம்மண் தண்ணீர் ஓடியது. மரத்தை வெட்டி அகற்றியிருந்தார்கள். த்ரீவீலிலிருந்து இறங்கி, சரிவைத் தவிர்த்து, தேயிலைக்கு நடுவே போகும் மறுபக்கப் பாதையால் ஏறத் தொடங்கியபோது இராஜேஸ்வரி எதிரே வந்தாள். தலையில் துணி மூட்டை. பாடசாலையிலிருந்து லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். எல்லோரும் திரும்பிவிட்டார்களாம். சீமெந்துத் தரையில் கிடந்து இடுப்பு விட்டுப்போனதாம்.

"ஒங்க பொட்டிக்குக் காய்ச்சல்னா எங்களையா ஆஸ்பத்திரியில படுக்கப் போடுவீங்க?"

இன்னும் கொஞ்சநேரம் கீழேயே இருந்திருக்கலாமே அண்ணி என்றாள் யசோதா. மழைதான் விட்டுவிட்டதே, புள்ளைகளுக்கு யார் ஆக்கிப் போடுவது என்று இராஜேஸ்வரி கேட்டாள். நாலடி போய்த் திரும்பி நின்று, தேத்தண்ணி குடிக்க வந்துவிட்டுப் போகச் சொன்னாள். அவள் கோபத்தில் இருந்தாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

முகட்டில் காற்று இல்லை. அட்டைகள் காலில் ஏறின. பழைய பெட்டி, அவள் நினைத்தபடியே, வெயில் பட்டு எழும்பி யாருக்கும் எதுவும் சொல்லாமல் விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் புதியதைக் கட்டினாள். வயரைப் போட்டு, எழும்பவிட்டு, இழுத்து, மறுபடி போட்டாள். ஒரு சின்ன பீப். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. கோயில் கூரையோடு தொடர்பு வந்தது. முளைகள் ஒன்றொன்றாகப் பேச்சுக்கு வந்தன.

கீழே சங்கு ஊதத் தொடங்கியது.

அவள் இன்னும் சோதனைப் பொத்தானைத் தொட்டிருக்கவில்லை.

அவளுடைய தொழிலில் முதல் சந்தேகம் எப்போதும் தன்மேல்தான். அளவைத் தவறாகப் போட்டிருப்பேன் என்று நினைத்தாள். பார்த்தாள், சரியாக இருந்தது. முளைகளின் பெயர் மாறியிருக்கும். மாறவில்லை. பன்றி. ஒரு கம்பி என்றால் பன்றி. திரையில் நடு வரிசை முழுவதும் இழுபட்டிருந்தது. நேற்று மனதில் பதித்த அளவு அங்கே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இன்னும் ஒரு படி ஏறியது.

முகட்டின் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள். லயத்தின் தகரக் கூரை வெயிலில் ஆவி விட்டது. அடுப்புப் புகை எழுந்தது. வாசலில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதிக்கொண்டேயிருந்தது. ஒரு தலைகூட நிமிரவில்லை.

போனில் பெரியதம்பி முதல் மணியிலேயே எடுத்தார். குரலில் சந்தோஷம்.

"கேக்குதும்மா, நல்லா கேக்குது. போதும், நிப்பாட்டுங்க."

"தலைவரே, இது சோதனை இல்ல. நான் ஊதல்ல. மண்ணு நகந்துகிட்டு இருக்கு."

"நேத்தும் இப்பிடித்தான்..."

"நேத்து பொட்டி சரியில்லன்னு சொன்னேன். இன்னைக்கு பொட்டி சரி, மலதான் சரியில்ல. ஓடுங்க தலைவரே, ஆளுங்கள எறக்குங்க."

சங்கின் சத்தம் இரண்டாகக் கேட்டது, போனில் ஒன்றும் காற்றில் ஒன்றுமாக. பிறகு அவர் போனை வைக்காமலே கத்தத் தொடங்கினார், ஒவ்வொரு வீட்டின் பெயராக. கோயிலடியிலிருந்து வெள்ளை வேட்டி ஒன்று லயத்தை நோக்கி ஓடுவதை அவள் பார்த்தாள். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

துணி உலர்த்திய பெண் கையிலிருந்ததைப் போட்டாள். கதவுகள் திறந்தன. பிள்ளைகள் முதலில் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள், ஒருவர் பாத்திரத்தோடு, ஒருவர் வெறுங்கையோடு. ஓடுபவர்களும் இருந்தார்கள், நடப்பதா ஓடுவதா என்று முடிவெடுக்காமல் வந்தவர்களும் இருந்தார்கள். கடைசி வீட்டின் கதவு திறக்கவில்லை. அது இராஜேஸ்வரியின் வீடு.

யசோதா அண்ணியின் நம்பருக்கு அடித்தாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். லயத்துக்குப் பின்னால், சரிவின் நடுவில், பச்சைக்குள்ளே ஒரு மெல்லிய செங்கோடு குறுக்காக ஓடியிருந்தது. ஏறி வந்தபோது அது கண்ணில் படாத பக்கம். அவள் அதைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

வேட்டி கடைசி வீட்டை அடைந்து கதவை இரண்டு கையாலும் அறைந்தது. கதவு திறந்தது. இராஜேஸ்வரி வாசலில் நின்று எதையோ வாதாடினாள்; அவள் கை ஆடுவது முகட்டிலிருந்தே தெரிந்தது. பெரியதம்பி வாதாடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவள் ஒரு கணம் நின்று, முகட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய்ச் சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மூத்தவளை முன்னால் தள்ளிக்கொண்டு இறங்கினாள். கதவைச் சாத்தவில்லை.

அவர்கள் வரிசையாகப் பாதைத் திருப்பத்தைத் தாண்டிப் பாடசாலைப் பக்கம் போனார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தேயிலைக்குள் மறைந்தார்கள். கடைசியாக வேட்டி மறைந்தது. பிறகு லயத்தில் அசைவதற்கு எதுவும் இல்லை, அடுப்புப் புகையைத் தவிர.

யசோதா ஈரக் கல்லில் உட்கார்ந்தாள். மடியில் திரை. நடு வரிசையின் எண் இன்னொரு படி ஏறியது. வெயில் சுட்டது. சங்கை அவள் நிறுத்தவில்லை.